பாட்டி பின்னிய லேஸ் சால்வை மஞ்சளாகிவிட்டதா? வீட்டிலேயே சாயம் ஏற்றுவது எப்படி? எதைச் செய்யவே கூடாது?

பீரோவின் அடித்தட்டில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது அந்தச் சால்வை. குன்னூரில் ஆசிரியையாக வேலை பார்த்த என் பாட்டி, மழைக்கால மாலைகளில் ஊசியும் உல்லன் நூலுமாக உட்கார்ந்து பின்னியது. அவர் பின்னிய ஸ்வெட்டரும் குல்லாவும் எல்லாம் பேரன், பேத்திகளுக்குப் போய்விட்டன. தனக்கென்று பின்னிக்கொண்டது இது ஒன்றுதான். வெள்ளையாக இருந்த சால்வை இப்போது பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்துவிட்டது. நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு காபிக் கறை வேறு.

"பெட்டிக்குள்ளயே கெடந்து வீணாப் போறதுக்கு, நீ எடுத்துப் போட்டுக்க கண்ணு. ஏதாச்சும் கலர் போட முடியுமான்னு பாரு" என்றார் பாட்டி. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மெல்லிய நூல் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. விரல் மூட்டுகளிலும் வலி. அதாவது, இன்னொரு சால்வை இனி வராது. கெடுத்தால் கெடுத்ததுதான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பாட்டி எனக்குப் பின்னிக்கொடுத்த மஃப்ளர் ஒன்றை ஏற்கெனவே நான் கெடுத்து வைத்திருந்தேன். காட்டன் துணிக்கான சாயப் பொட்டலத்தை வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் சலவை சோடாவும் சேர்த்து, கரண்டியால் நன்றாகக் கிளறினேன். வெளியே எடுத்தபோது மஃப்ளர் பாதி நீளத்துக்குச் சுருங்கி, மிதியடி மாதிரி விறைத்துப் போயிருந்தது. நிறமும் திட்டுத்திட்டாகத்தான் ஏறியிருந்தது.

நான் செய்த தவறு என்ன? கம்பளிக்குச் சாயம் ஏற்றும் சரியான வழி எது? பார்க்கலாம்.

லேஸ் பின்னல் என்றால் என்ன?

சாதாரண ஸ்வெட்டர் பின்னலில் கண்ணிகள் நெருக்கமாக இருக்கும். லேஸ் பின்னலில் வேண்டுமென்றே ஓட்டைகள் விடுவார்கள். ஊசியில் நூலை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழும். எண்ணிக்கை கூடாமல் இருக்க, பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள். இப்படி ஓட்டையும் சேர்ப்புமாக மாறி மாறிப் போட்டால் இலை, அலை, வைரம் என்று உருவங்கள் கிடைக்கும்.

இந்தக் கலைக்குப் பேர்போன இடங்கள் சில உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், குறிப்பாக அன்ஸ்ட் தீவில், திருமண மோதிரத்துக்குள் முழுதாக இழுத்துவிடக் கூடிய அளவுக்கு மெல்லிய சால்வைகளைப் பின்னினார்கள். ரஷ்யாவின் ஓரன்பர்க்கில் ஆட்டின் மென்மயிரில் பின்னும் சால்வைக்கும் இதே பெருமை உண்டு. எஸ்டோனியாவில் ஹாப்சாலு என்ற ஊர் இதற்குப் பிரபலம்.

லேஸ் என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது நாகர்கோவில். 19-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிப் பெண்கள் வழியாக அங்கே பரவிய லேஸ் வேலை வேறு வகை. தலையணை போன்ற திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது அது. பெரும்பாலும் பருத்தி நூல். இந்தக் கட்டுரையில் சொல்லும் முறை கம்பளிக்கு மட்டும்தான், பருத்தி லேஸுக்கு ஒத்துவராது.

முதல் கேள்வி: அது நிஜமாகவே கம்பளியா?

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. "உல்லன் நூல்" என்று கேட்டால் கடைகளில் கொடுப்பதில் நிறைய அக்ரிலிக் நூல்தான். அக்ரிலிக் ஒரு வகை பிளாஸ்டிக். அதில் வீட்டு அடுப்பில் வைத்து இந்த முறையில் சாயம் ஏற்ற முடியாது. கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

எரித்துப் பார்ப்பது: சால்வையின் ஓரத்தில் தொங்கும் நூல் முனையில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, இடுக்கியில் பிடித்து, ஸ்டீல் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும். தீயை எடுத்ததும் தானாக அணையும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்துபோகும்.

பிளீச்சில் போடுவது: வீட்டில் தரை கழுவப் பயன்படுத்தும் குளோரின் பிளீச் திரவத்தில் ஒரு துண்டு நூலைப் போட்டு வையுங்கள். கம்பளி என்றால் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அக்ரிலிக்கும் பருத்தியும் அப்படியே இருக்கும். கூடவே ஒரு பாடமும் இதில் இருக்கிறது. மஞ்சளான கம்பளியை வெளுக்க வைக்கிறேன் என்று பிளீச்சில் மட்டும் நனைத்துவிடாதீர்கள்.

பாட்டியின் சால்வை கம்பளிதான். மிச்சமான ஒரு நூல் உருண்டையையும் அவர் எடுத்து வைத்திருந்தார். சோதனை எல்லாவற்றையும் அந்த உருண்டையில்தான் செய்தேன்.

மஃப்ளர் ஏன் சுருங்கியது?

கம்பளி இழையும் நம் தலைமுடி போலத்தான். கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில் ஓடுகள் அடுக்கியது போல நுண்ணிய செதில்கள் இருக்கும். ஈரத்திலும் சூட்டிலும் இழைகள் ஒன்றோடு ஒன்று உரசும்போது, இந்தச் செதில்கள் ஒரு திசையில் மட்டுமே நகரவிட்டுப் பூட்டிக்கொள்ளும். பின்னால் வராது. இப்படி இழைகள் சிக்கி இறுகிப்போவதைத்தான் ஃபெல்டிங் என்கிறார்கள். ஒருமுறை இறுகினால் பிரிக்க வழியில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சூடு மட்டும் கம்பளியைக் கெடுப்பதில்லை. சூடு, ஈரம், அசைவு மூன்றும் சேர்வதுதான் ஆபத்து. சூட்டிலிருந்து திடீரென்று பச்சைத் தண்ணீருக்கு மாற்றுவது, சோடா போன்ற காரப் பொருளைச் சேர்ப்பது இரண்டும் ஆபத்தை இன்னும் கூட்டும். காரம் புரத இழையையே அரிக்கவும் செய்யும். மஃப்ளர் விஷயத்தில் நான் இவை அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்திருந்தேன்!

வினிகர் எதற்கு?

பருத்திக்கும் கம்பளிக்கும் சாயம் பிடிக்கும் விதமே வேறு. பருத்தியில் சாயம் ஏற உப்பும் சோடாவும் தேவைப்படும். கம்பளிக்குத் தேவை அமிலம். அமிலத் தண்ணீரில் கம்பளியின் புரதம் நேர்மின்னூட்டம் பெறும். கம்பளிக்கான சாயத் துகளில் எதிர்மின்னூட்டம் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இவற்றை 'ஆசிட் டை' என்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சமையலறை வினிகரோ, எலுமிச்சை உப்போ போதும். பட்டும் புரதம்தான் என்பதால் பட்டு நூலுக்கும் இதே வகைச் சாயங்கள் பயன்படுகின்றன. கடையில் "பட்டு, கம்பளிக்குப் போடுற ஆசிட் டை" என்று கேட்டு வாங்குங்கள்.

சாயம் போடுவதற்கு முன்...

ஒன்று, முதலில் அலசிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு பங்கு வெறும் அழுக்காகவும் இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறோ கொஞ்சம் ஷாம்புவோ கலந்து, சால்வையை அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். கசக்கக் கூடாது. அலசி, கீழே சொல்லும் முறையில் விரித்துக் காய வைத்தாலே சில சால்வைகள் பிழைத்துக்கொள்ளும். அப்படி என்றால் சாயமே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இரண்டு, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது.

மூன்று, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்த இடம், அறுந்த நூல் இருந்தால் சாயத்துக்கு முன்பே தைத்துவிடுங்கள். லேஸில் ஒரு கண்ணி நழுவினால் ஏணி போலக் கீழே வரை ஓடும். கம்பளி நூலாலேயே தைக்க வேண்டும். பாலியஸ்டர் நூலில் இந்தச் சாயம் பிடிக்காது, தைத்த இடம் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

நான்கு, உலர்ந்த சால்வையை எடை போடுங்கள். சாயத்தின் கணக்கு முழுக்க இந்த எடையில்தான் இருக்கிறது.

எந்த நிறம் எடுக்கலாம்?

சாயத்தால் நிறத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. பழைய நிறமும் புது நிறத்தோடு கலந்தே தெரியும். மஞ்சளேறிய சால்வையில் வெளிர் நீலம் போட்டால் கிடைப்பது நீலம் இல்லை, பாசிப் பச்சை. வெளிர் ரோஜா போட்டால் கொஞ்சம் செங்கல் வாடை அடிக்கும். எனவே மஞ்சளோடு ஒத்துப்போகிற அரக்கு, துரு நிறம், அடர் பச்சை, காபிப் பழுப்பு போன்றவை பாதுகாப்பானவை. கறையை மறைப்பதுதான் நோக்கம் என்றால் அடர் நிறமே வேண்டும். நான் அரக்கு நிறத்தை எடுத்தேன்.

செய்முறை: படிப்படியாக

என் சால்வையின் எடை 140 கிராம். அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

1. பாத்திரம்: பத்து லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரம். அலுமினியம் வேண்டாம், அமிலத்தோடு வினை புரியும். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரம், கரண்டி எதையும் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

2. ஊறவைத்தல்: சால்வையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்த இடத்தில் சாயம் பட்டால் திட்டு விழும்.

3. சாயம்: 100 கிராம் கம்பளிக்கு ஒரு கிராம் சாயம் என்றால் நடுத்தர நிறம். அடர் நிறத்துக்கு மூன்று கிராம் வரை போகலாம். நான் எடுத்தது 4.2 கிராம். சாயப் பொடியை அளக்கும்போது மாஸ்க், கையுறை கட்டாயம். மூச்சில் போகக் கூடாது. ஒரு கிண்ணம் வெந்நீரில் கட்டி இல்லாமல் கரைத்து, வடிகட்டிக்கொள்ளுங்கள்.

4. தண்ணீர்: கம்பளியின் எடையைப் போல 40 மடங்கு. அதாவது சுமார் ஐந்தரை லிட்டர். குறைந்த தண்ணீரில் சால்வை மடங்கிக் கிடந்தால் நிறம் சீராக ஏறாது.

5. வினிகர்: மொத்தம் 100 மி.லி. முதலில் பாதி. ஒரேயடியாக ஊற்றினால் சாயம் அவசரமாக ஓடிப்போய் முதலில் பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கரைத்த சாயத்தையும் பாதி வினிகரையும் தண்ணீரில் கலந்த பிறகே சால்வையை இறக்குங்கள்.

6. சூடு: சிறு தீயில், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுவாருங்கள். வெப்பமானி இல்லை என்றால், ஆவி நன்றாக வந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் கட்டும் நிலை. தளபுளவென்று கொதிக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீரும் ஓர் அசைவுதான்.

7. அசைவு: கிளறாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சால்வையை அகலமான கரண்டியால் மெல்லத் தூக்கி, புரட்டி வைத்தால் போதும்.

8. மிச்ச வினிகர்: சூடு ஏறிய பிறகு, சால்வையை ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சப் பாதியை ஊற்றுங்கள். சால்வையின் மேல் நேராக ஊற்ற வேண்டாம். இதே சூட்டில் 30 முதல் 45 நிமிடம்.

9. தண்ணீர் தெளிகிறதா? ஒரு வெள்ளைக் கரண்டியில் தண்ணீரை மொண்டு பாருங்கள். சாயம் முழுக்கக் கம்பளிக்குப் போயிருந்தால் தண்ணீர் கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்கும். இந்தக் காட்சி முதல் தடவை பார்க்கும்போது மேஜிக் மாதிரியே இருக்கும்.

10. ஆறவிடுதல்: அடுப்பை அணைத்துவிட்டு, சால்வையை அதே பாத்திரத்தில் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுக் குழாய்த் தண்ணீரில் காட்டினால், இவ்வளவு நேரம் எடுத்த கவனம் எல்லாம் வீண். மறுநாள் காலையில் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள்.

சால்வைக்கு முன், மிச்சமிருக்கும் நூலிலோ ஓரத்தில் வெட்டிய முனையிலோ இதே அளவு விகிதத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். நான் உருண்டையிலிருந்து ஐந்து கிராம் நூலை எடுத்துச் செய்தேன். முதல் தடவை நிறம் நினைத்ததைவிட வெளுப்பாக வந்தது. அதன் பிறகுதான் மூன்று கிராம் கணக்குக்குப் போனேன்.

மஞ்சள், வெங்காயத் தோல், கேசரி பவுடர் ஆகுமா?

மஞ்சள்தூள் கம்பளியில் பளிச்சென்று பிடிக்கும். ஆனால் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பது நமக்குத் தெரியும். அதேபோல, காரத்தன்மை உள்ள சோப்பு பட்டால் மஞ்சள் சாயமும் சிவந்துவிடும்.

வெங்காயத் தோல் பரவாயில்லை. முதலில் சால்வையைப் படிகாரத் தண்ணீரில் காய்ச்ச வேண்டும். 100 கிராம் கம்பளிக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம். அதன் பிறகு வெங்காயத் தோல் காய்ச்சிய சாற்றில் வைத்தால் பொன் நிறத்திலிருந்து ஆரஞ்சு வரை கிடைக்கும். இங்கேயும் சிறு தீ, கிளறாமை, மெல்ல ஆறவிடுதல் என்ற விதிகள் மாறாது.

கேசரிக்குப் போடும் செயற்கை உணவு நிறமிகள்? ஆச்சரியமாக, அவையும் ஆசிட் டை வகைதான். டார்ட்ராசின், கார்மோய்சின், பிரில்லியன்ட் ப்ளூ எல்லாமே வினிகரோடு சேர்த்துச் சூடாக்கினால் கம்பளியில் ஒட்டும். பாத்திரத்தைப் பற்றிய கவலையும் குறைவு. ஆனால் வெளிச்சத்தில் தாங்கும் திறன் குறைவு. சோதித்துப் பார்க்கவும் குழந்தைகளோடு விளையாட்டாகச் செய்யவும் சரி, வருஷக்கணக்கில் போடப்போகும் சால்வைக்கு வேண்டாம்.

சாயத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நினைவிருக்கலாம். நொய்யலில் கலந்த கழிவுநீர்தான் அந்த வழக்கின் மையம். வீட்டில் ஒரு சால்வைக்குப் போடும் சாயம் அந்த அளவில் இல்லைதான். ஆனாலும் தண்ணீர் தெளியும் வரை சூட்டில் வைத்தால், கழிவில் போகும் சாயம் மிகக் குறைவு. இன்னும் நிறம் மிச்சமிருந்தால் பழைய கம்பளித் துண்டு எதையாவது போட்டு உறிஞ்சவிடலாம். செடிக்கோ கிணற்றடிக்கோ ஊற்றாமல், பாதாளச் சாக்கடைக்குப் போகும் குழாயில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள்.

சாயம் போட்டாச்சு, இன்னும் ஒரு வேலை

பாத்திரத்திலிருந்து எடுத்த லேஸ் சால்வையைப் பார்த்தால் அழுகை வரும். சுருண்டு, சுருங்கி, நனைந்த பூனைக்குட்டி போல இருக்கும். பயப்பட வேண்டாம், இது ஃபெல்டிங் இல்லை. ஈரமாக இருக்கும்போதே மெத்தை அல்லது ஃபோம் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதில் சால்வையை எல்லாப் பக்கமும் சமமாக இழுத்து, ஊசி குத்திக் காய வையுங்கள். இதற்கு பிளாக்கிங் என்று பெயர். இழுக்க இழுக்க ஓட்டைகள் திறந்து, இலையும் வைரமும் தெரியத் தொடங்கும். சாதாரண குண்டூசி துருப்பிடித்துக் கறை வைக்கும் என்பதால், துருப்பிடிக்காத ஊசியாகப் பாருங்கள். முழுக்கக் காயும் வரை, குறைந்தது ஒரு நாள், எடுக்காதீர்கள். ஃபேன் காற்று போதும், வெயில் வேண்டாம்.

யார் சாயம் போடக் கூடாது?

நூல் தொட்டாலே அறுகிறது என்றால் வேண்டாம். எந்த இழை என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் வேண்டாம். கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் என்றால் கம்பளி மட்டும் நிறமேறி, புள்ளி புள்ளியாகத் தெரியும். அது உங்களுக்குப் பிடிக்குமா என்று நூல் துண்டில் பார்த்து முடிவெடுங்கள். முக்கியமாக, பின்னியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏற்றிய சாயத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

என் சால்வை என்ன ஆனது? அரக்கு நிறம் நன்றாகவே பிடித்தது. ஒரு ஓரம் மட்டும் பாத்திரத்தின் அடியில் மடங்கிக் கிடந்ததால் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறது. காபிக் கறை, இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அளவு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

பாட்டியிடம் கொடுத்தேன். நிறத்தைப் பற்றி அவர் முதலில் எதுவும் சொல்லவில்லை. ஓரத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். "இங்க ஒரு கண்ணி தப்பா விட்டுட்டேன் அன்னிக்கு. பிரிக்க மனசு வரல. அப்படியே இருக்கு பாரு" என்று சிரித்தார். பிறகு, "கலரு நல்லாத்தான் இருக்கு. குளிருக்குப் போட்டுக்க, திரும்பப் பெட்டில வச்சிராத" என்றார்.